பத்தாவது கோட்டையை முடித்தவன்

சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் கையால் எழுதிய எந்தப் பத்திரத்திலும் இதுவரை ஒரு பொய் கிடையாது. வடக்கே ஓடை என்று எழுதினால் அங்கே ஓடை இருக்கும். கிழக்கே புஞ்சை என்றால் நேரில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. (சின்னப் பொய்களை என் மனைவி மகேஸ்வரி தனியாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.) அந்தப் பொய் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறது.

நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த காலம். பஜாரில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடியில் வேலாயுதம் அண்ணாச்சி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியவர். அந்தப் பழக்கத்தில், புதுப் பெட்டி எதுவானாலும் மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். “ஓட்டாம குடுத்தா எரிஞ்சி போகும்லே” என்பார். ஓட்டுவதற்குச் சம்பளம் கேட்காத ஆட்கள் வேண்டுமே? அப்படிச் சேர்ந்தவர்கள்தான் நாங்கள். நான், நாங்கள் நாயகம் என்று கூப்பிடும் வாசுதேவநல்லூர் கோமதிநாயகம், கடையநல்லூர் காதர், இன்னும் நாலைந்து பேர்.

அண்ணாச்சியிடம் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. எங்கிருந்தோ வந்த ஒரு சிடியில் இருந்து அதை எடுத்து, விற்ற பெட்டிகளில் எல்லாம் ஏற்றிக் கொடுத்தார். அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. திரையில் வருவது எந்த நாட்டு எழுத்து என்றும் தெரியாது. பத்துக் கோட்டைகளைப் பிடிக்க வேண்டும், அதனால் நாங்கள் ‘பத்துக் கோட்டை’ என்றோம். இடப்பக்கம் மூன்றாவது பொத்தானை அமுக்கினால் சிப்பாய் வருவான், நாலாவதை அமுக்கினால் குளம் வெட்டுவான். எல்லாம் தடவித் தடவிக் கண்டுபிடித்ததுதான். அதில் போர் கொஞ்சம், விவசாயம் நிறைய. குளம் வெட்டி, நெல் விளைய வைத்து, படைக்குச் சோறு போட்டால்தான் படை நடக்கும். பசித்தால் சண்டைக்கு நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். (எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்?) இந்த வட்டாரத்துக்கு வெளியே அந்த விளையாட்டை அறிந்த ஒரு மனிதரையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

முட்டி மோதினால் ஒன்பது கோட்டையைப் பிடித்துவிடலாம். பத்தாவதுக்கு ஒரு கறுப்புக் கதவு. அதைத் தட்டினால் திரை இருண்டு, பெட்டி அணைந்து, மறுபடி முதலில் இருந்து எழும். கையில் நூறு மாடு இருந்தால்தான் திறக்கும் என்றான் காதர். வெள்ளிக்கிழமை தட்ட வேண்டும் என்றான் ராயகிரிக்காரன் ஒருவன். எதற்கும் அது அசையவில்லை.

முதன்முதலில் ஒன்பதாவதைப் பிடித்தவன் நாயகம். அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். டீ வாங்கித் தராத அண்ணாச்சி டீயும் பன்னும் வாங்கித் தந்தார். எனக்கு வயிறு எரிந்தது. பன்னை வாயில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“ஒம்போது என்னலே ஒம்போது. நான் நேத்தே பத்தாவதை முடிச்சாச்சு.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நாயகம் கிட்டே வந்தான்.

“நெசமாவாலே? உள்ள என்ன இருக்கு?”

யோசித்திருந்தால்தானே சொல்ல? அவர்களுக்குப் பின்னால் சுவரோரம், கீழ்க்கடையில் இடம் பற்றாமல் மாடியில் அடுக்கிய தீவன மூட்டைகள். என் கண் அங்கே போய் நின்றது. தினமும் பார்க்கிற மூட்டையை யார் படிக்கிறார்கள்? நான் படித்தேன்.

“ஒரு இளவரசி வாரா. பக்கத்துல ஒரு வெள்ளப் பசு. கையில தங்கக் குடம். ரெண்டு பக்கமும் ரெண்டு குத்துவிளக்கு.”

“பசு எதுக்குலே?”

“சண்டை முடிஞ்சி சமாதானம் ஆயாச்சில்லா. அதுக்கு அடையாளம்.”

“அவ பேரு?”

“பொன்னரசி.”

“அந்த எழுத்தை எப்படிலே படிச்ச?”

“படிக்கல. கடைசியில மட்டும் குரல் வருது. அவளே சொல்லுதா.”

“பாயிண்ட்டு?”

மூட்டையின் அடியில் பார்த்தேன். ஐம்பது என்று இருந்தது. “அம்பதாயிரம்” என்றேன். (நான்கெல்லையும் சொல்லாமல் விட எனக்கு அப்போதே வராது.)

அதன்பின் என்னைப் ‘பத்தாவதை முடித்தவன்’ என்றுதான் அறிமுகம் செய்தார்கள். எப்படி முடித்தாய் என்று கேட்டால், “அதைச் சொன்னா ருசி போயிரும்” என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. அந்தத் தீவனம் அடுத்த வருஷமே விற்காமல் நின்றுபோனதால் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன். சில வருஷம் கழித்து நாயகம் தன் அப்பாவிடம், “நம்ம மகேசை அவனுக்குக் குடுங்கப்பா. அவன் மூளைக்கு இந்தப் பக்கத்துல ஆள் கிடையாது” என்று சொல்லி, தன் தங்கையை எனக்குக் கட்டிவைத்தான். அவன் எனக்கு மச்சான் ஆனான், நான் அவனுக்கு மாப்பிள்ளை ஆனேன். பிறகு அவனுக்குப் பெண் பிறந்தது. தொட்டிலைச் சுற்றி எல்லாரும் நிற்க, பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னான்: “பொன்னரசி, பொன்னரசி, பொன்னரசி.”

நான் அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் நிறையக் கேசரி இருந்தது, திறக்கவில்லை.

போன வருஷம் காதர் வளைகுடாவில் இருந்தபடி ஒரு வாட்ஸப் குழு தொடங்கினான். பெயர் ‘பத்துக் கோட்டை வீரர்கள்’. நரைத்த தலைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. எட்டாவது கோட்டையில் மடை உடைந்து படை முழுக்க நனைந்ததையும், சோறில்லாமல் உட்கார்ந்த தளபதியையும் காலையில் இருந்து இரவு வரை பேசினோம். வெள்ளைப் பசுவுக்கு என்ன அர்த்தம் என்று நாலு நாள் விவாதம் நடந்தது. நான் நடுவராக இருந்தேன்.

அப்போதுதான் அண்ணாச்சி ஒரு குரல் பதிவு போட்டார். “ஏலே, பழைய பொட்டி ஒண்ணு பரண்ல கெடக்கு. நேத்து ஓட்டிப் பாத்தேன், ஓடுது. ஒம்போதாவது வரைக்கும் முடிச்சது அப்படியே இருக்கு. ஞாயித்துக்கெழமை நம்ம மாடிக்கு வாங்கலே.”

“மாப்ளே, கடைசியை நீரு முடிச்சிக் காட்டும். நான் பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன்” என்றான் நாயகம்.

பிள்ளை வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. வகுப்பில் யாழினிகளுக்கும் தர்ஷினிகளுக்கும் நடுவில் இவள் ஒருத்திதான் பொன்னரசி. ஒருத்தி “கிழவி பேரு” என்று கேலி செய்ய, இவள் பதிலுக்கு, “இது ஒரு இளவரசி பேரு. திங்கக்கெழமை போட்டோ காட்டுதேன்” என்று சவால் விட்டுவிட்டாள். அந்தப் போட்டோவை எடுக்கப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, அப்பாவின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை மாடிப்படி ஏறி வந்தாள். இல்லாத இளவரசியை எங்கே போய்க் கொண்டுவருவேன்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மகேஸ்வரி என் பெருமையைப் பார்க்கக் கூடவே வந்திருந்தாள்.

அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். தூசி படாமல் இருக்க அதை ஒரு பழைய சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். கயிற்றை அறுத்துச் சாக்கை உருவித் தரையில் எறிந்தார். வெள்ளைப் பசு. தங்கக் குடம். இரண்டு குத்துவிளக்கு.

எல்லார் கண்ணும் பெட்டி மேல் இருந்ததால், பொறுப்பான ஆள் போலச் சாக்கை எட்டாக மடித்து நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“வேட்டி அழுக்காகும் மாமா” என்றாள் பொன்னரசி, அக்கறையாக.

“நாற்காலி சுடுதும்மா” என்றேன். (மின்விசிறிக்கு நேர் கீழே போட்ட நாற்காலி.)

பெட்டி எழுந்தது. கறுப்புக் கதவும் வந்தது. வீடியோ அழைப்பில் காதர், “மாப்ள, நம்ம வாழ்க்கையில அந்தப் பசுவ ஒரு தடவ பாத்துரணும்டா, தட்டு” என்றான். விரல் சுளுக்கு என்றேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன், அது மூக்கில் இருந்தது. கரண்ட் போகட்டும் என்று கோமதி அம்மனை வேண்டினேன். சும்மாவே போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. பொன்னரசி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் நின்றாள்.

வேறு வழியில்லாமல் தட்டினேன். திரை இருண்டு, பெட்டி அணைந்து, மறுபடி எழுந்தது.

டீ டம்ளர்களோடு வந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “பத்தாவதா? அது இதுல கெடையாதேலே. அந்த சிடியில ஒரு கீறல். ஒம்போது வரைக்கும்தான் ஏறிச்சு. நான் வித்த எல்லாப் பொட்டியிலயும் ஒம்போதுதான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?” என்றான் நாயகம்.

“சொன்னா நீங்க ஓட்டுவியளாலே?”

ஒருவரும் அசையவில்லை. “ஏ, நெட்டு போச்சா? எல்லாரும் அப்படியே நிக்கிதீங்க” என்றான் காதர், வளைகுடாவில் இருந்து.

நாயகம் மெதுவாக என் பக்கம் திரும்பினான். அவன் கேட்பதற்குள் பிள்ளை கேட்டுவிட்டாள்.

“அப்போ என் பேரு, மாமா?”

அந்தக் குரலுக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுந்தேன். அங்கேதான் தப்பு. சாக்கு வேட்டியோடு ஒட்டி எழுந்து, தொப்பென்று தரையில் விழுந்து விரிந்தது. பொன்னரசி குனிந்து எழுத்துக் கூட்டாமல் தெளிவாகப் படித்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை.

“பொன்னரசி அடர் தீவனம். பால் பெருகும். அம்பது கிலோ.”

“அம்பது...” என்றான் நாயகம். தங்கையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

மகேஸ்வரிதான் பேசினாள். “ஏங்க, பத்திரத்துல எழுதுத நாலு எல்லையாவது நெசமா? இல்ல அதுவும் மூட்டையா?”

அன்றைக்கு மாதிரி நான் எப்போதும் வெட்கப்பட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் என்பதால் அல்ல. அந்தப் பிள்ளை போனை மெதுவாகக் கீழே இறக்கினாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. “மாமா பொய் சொல்லிட்டேம்மா. பொறாமையில சொன்னேன். மன்னிச்சிரு” என்றேன். இருபது வருஷத்தில் முதல் முறையாக வாய் சரியாக வேலை செய்தது. பிள்ளை அண்ணாச்சியிடம் போய், “இந்தச் சாக்கை நான் எடுத்துக்கிடட்டுமா தாத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

திங்கள் மாலை அவளே எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, சாக்கையே கிளாஸுக்குக் கொண்டு போனேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் அந்தக் கேலி செஞ்சவகிட்ட, ஒம் பேருல ஒரு மூட்டை உண்டான்னு கேட்டேன். தேடிப் பாத்துட்டு இல்லன்னு அழுதுட்டா.”

இப்படியாகப் பிள்ளை ஜெயித்துவிட்டாள். நான்தான் தோற்றேன். எங்கள் வீட்டில் பொய்க்கு இப்போது பெயர் மூட்டை. “ஆபீஸ்ல வேலை, அதான் லேட்டு” என்றால், “நெசமா, மூட்டையா?” என்கிறாள் மகேஸ்வரி. குழுவின் முகப்புப் படம் வெள்ளைப் பசு. நாயகம் மட்டும் சிரிக்கவில்லை. விசேஷ வீட்டில் பார்த்தால் “வாரும்” என்பான், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நாலு மாதம் இப்படிப் போனது. கூடப் பிறந்தவன் பேசாமல் இருப்பது போல இருந்தது எனக்கு.

அதற்குள் காதர் ஒரு காரியம் செய்தான். வீடியோ அழைப்பில் தெரிந்த திரை எழுத்தைப் படம் பிடித்து, அங்கே தன்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் காட்டியிருக்கிறான். அவர் அதைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டார், அவர் நாட்டு எழுத்தாம். பெயர் தெரிந்ததும் தேடிப் பிடித்து, கீறல் இல்லாத முழு விளையாட்டையும் அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டான். மறுபடி எல்லாரும் மாடியில் கூடினோம். இந்த முறை நாயகம் விளையாடினான். நான் கடைசி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது வரை முடித்துவைத்த இடத்தில் இருந்து ஒரு மணி நேரம் போராடினான். ஏழு குளம் வெட்டினான். கறுப்புக் கதவு திறந்தது.

உள்ளே ஒரு வெறும் முற்றம். ஓரமாக ஒரு கிணறு. மேலே ஒரு வரி எழுத்து. வீடியோ அழைப்பில் இருந்த காதர் அந்த ஆளிடம் கேட்டுச் சொன்னான்: “முடிஞ்சது, பொட்டிய அணைக்கலாம்னு போட்டிருக்காம்.”

“அவ்வளவுதானாலே?” என்றார் அண்ணாச்சி.

இருபது வருஷமாகக் காத்திருந்த அத்தனை பேரும் அந்தக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாயகம் மௌஸில் இருந்து கையை எடுத்தான். நாற்காலியைத் திருப்பினான்.

“மாப்ளே.”

“சொல்லுங்க மச்சான்.”

“நீரு அந்த வெள்ளப் பசுவைச் சொல்லும்.”

கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

“இருங்க மாமா” என்றாள் பொன்னரசி. பைக்குள் கையை விட்டுச் சாக்கை எடுத்து, உதறி, என் முன்னால் விரித்துப் பிடித்தாள். “இப்போ பாத்துச் சொல்லுங்க. ஒண்ணும் விட்டுறக் கூடாது.”