அண்டாவில் கிடைத்த தாத்தா

பெண் பார்க்கப் போகிறவனுக்கு மீசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தாத்தா கட்டாயம் வேண்டும். எனக்கு மீசை மட்டும்தான் இருந்தது.

மலாயாவில் கிள்ளான் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த அருணாசலம், தன் மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை பூர்வீக ஊரையும் பாட்டனார் பெயரையும் சொல்ல வேண்டும், வம்சம் தெரியாத இடத்தில் பெண் கொடுப்பதில்லை. என் அப்பா அம்மா இருவரும் நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார்கள். (இருந்தபோது கேட்டிருக்கலாம். எனக்குப் பட்டம் விடவே நேரம் போதவில்லை.)

தேடி அலைந்தேன். அப்பா வேலை பார்த்த செந்தூல் ரயில் பட்டறையில், "எந்தக் கோவிந்தன்? கறுப்பா, மீசை வச்சுக்கிட்டு இருப்பாரே, அவரா?" என்றார்கள். பட்டறையில் எல்லாரும் கறுப்பு, எல்லாருக்கும் மீசை. கோயில் குருக்கள் என் ராசிக்கு நேரம் சரியில்லை என்றார். அது எனக்கே தெரியும்.

சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், தாத்தா பேர் தெரியாமலே என்னை வளர்த்த அக்கா, அம்மா காலத்து அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுக்குப் போன விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது: குளித்தலை மு. நல்லதம்பி.

"அக்கா! தாத்தா!" என்று அலறினேன்.

"எங்கடா?" என்று அவள் வாசலைப் பார்த்தாள்.

மறுநாள் கிள்ளானில், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தேன்: "பூர்வீகம் குளித்தலை. தாத்தா நல்லதம்பி. அவருக்கு அப்பா முத்துசாமி." (முத்துசாமி என் கைச்சரக்கு. 'மு'வுக்கு வேறென்ன இருக்க முடியும்?)

அருணாசலத்தின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

"டேய், நல்லதம்பி என்னைப் பெத்த அப்பாடா! முத்துசாமி என் தாத்தா!"

அவர் மனைவியோ இடுப்பில் கைவைத்தார். "உங்கப்பா அடிக்கடி ஈப்போவுக்குப் போனப்பவே நெனச்சேன், அங்க ஒரு குடும்பம் இருக்குன்னு!"

"வாய மூடுடி! தம்பி, அப்படின்னா நான் உனக்குச் சித்தப்பா. என் மக உனக்குத் தங்கச்சி."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்மா, அண்ணனுக்குக் காப்பி கொண்டாரவா?"

கதவிடுக்கில் அந்தக் கண்களை ஒரு விநாடி பார்த்தேன். அந்தக் கண்களுக்கு அண்ணனாக நான் தயாராக இல்லை.

"மாமா! தாத்தா பேரு எனக்குத் தெரியாது! அண்டாவுல எழுதியிருந்துச்சு!"

"எந்த அண்டா?" மாமி கிட்டே வந்தார். "ஒரு பக்கம் வளையம் இல்லாம, வயித்துல நசுங்கினதா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா, ஈனசுரத்தில்.

"பத்துமலைத் தைப்பூசத்துல, அன்னதானத்தப்ப காணாமப்போன எங்க அண்டா! எடுத்தது நீங்கதானா?"

பங்காளியா, பாத்திரத் திருடனா? யோசிக்கவே இல்லை. "நாங்கதான்! சத்தியமா நாங்கதான் எடுத்தோம்!" என்று துள்ளினேன். திருட்டுப் பட்டத்தை அவ்வளவு ஆனந்தமாக வாங்கிக்கொண்டவன் இந்த மலாயாவிலேயே இருக்க மாட்டான்.

அருணாசலம் சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "அண்டாவக் கொண்டாந்து போடு. கல்யாணத்துக்கு அதுலதான் சோறு வடிக்கணும்."

எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது: அன்னதானத்துக்கு அம்மா கொண்டுபோன எங்கள் அண்டா எங்கே? "மாமி, அன்னிக்கு உங்க அண்டாவுக்குப் பதிலா அங்க ஏதும் மிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. அடி ஓட்டை. பழைய பாத்திரக்காரன்கிட்டப் போட்டுட்டேன்."

"அதுல பேரு?"

"என்னமோ இருந்துச்சு. யாரு படிச்சா?"

இப்படியாக, என் தாத்தா பழைய பாத்திரத்துக்குப் போனார்.

ஆகவே, வம்சம் தேடும் அன்பர்களே, அடுக்களைப் பாத்திரத்தைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அது யாருடைய பாத்திரம் என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கல்யாணமாகித் தலையும் நரைத்துவிட்டது. இன்றும் எந்த விருந்துக்குப் போனாலும், சமையல்கட்டைத் தாண்டும்போது என் மனைவி முழங்கையால் இடிப்பாள்.

"அந்தப் பெரிய அண்டாவ ஒருவாட்டி பாத்துட்டு வாங்களேன். உங்க தாத்தாவா இருந்தாலும் இருப்பாரு."

நானும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.