காது பாஸ் கடித்த குழாய்

மண்ணுக்கு அடியில் நடக்கிற எதையும் காது பாஸிடமிருந்து ஒளிக்க முடியாது. மண்ணுக்கு மேலே நடக்கிற எதுவும் அவர் காதில் விழாது. வட்டவளைக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் இப்படி ஒரு மனிதர் அவர் மட்டும்தான். இலங்கை முழுக்கத் தேடியிருந்தாலும் இரண்டாவது ஆள் கிடைத்திருக்கமாட்டார் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்போம். சிங்களத்திலிருந்து வாங்கிக்கொண்ட சொல். மேசன் பாஸ், தச்சு பாஸ் மாதிரி இவர் தேயிலைத் தோட்டத்துக் குழாய் பாஸ். 'காது' என்ற பட்டம் எப்படி வந்தது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். இரண்டு காதும் கேட்காது, அதனால் வந்தது. ரோட்டுக்குக் கல் உடைக்க வெடி வைத்தபோது போனது என்று சிலர் சொன்னார்கள். காய்ச்சலில் போனது என்று சிலர். அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவருக்குக் கேட்காது.

ஐம்பதுகளின் நடுவில் நான் வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தேன். கல்யாணமாகி நாலு மாதம். மனைவி சரோஜா ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். தோட்டம் எனக்குக் கொடுத்திருக்கிற வீட்டில் குழாய் இருக்கிறது என்று பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. குழாய் இருந்தது.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊர் அது. கூரையில் தண்ணீர், வாசலில் தண்ணீர், போட்டுக்கொண்டு போன சப்பாத்துக்குள் தண்ணீர். எங்கள் குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வந்தது. முதலில் வெள்ளை நூல். பிறகு துருவோடு காவி நூல். மழை நின்று மாசி மாத வெயில் தொடங்கியபோது அதுவும் அறுந்தது. சரோஜா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து வந்த லயத்துப் பெண்களோடு வரிசையில் நின்று, மலை ஊற்று விழுகிற பீலியில் குடம் பிடித்து மேடு ஏறி வந்தாள். ஒரு வாரம் இப்படியே. எட்டாம் நாள் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேங்க. தண்ணி வந்தா லெட்டர் போடுங்க" என்றாள்.

இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். அடுத்த நாள் காது பாஸ் வந்து சேர்ந்தார்.

ஒல்லியான மனிதர். காக்கிக் கால்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, தோளில் மம்பட்டி, கையில் நாலடி நீள இரும்புக் கம்பி. வந்ததும் வீட்டைச் சுற்றி அமைதி வேண்டும் என்று உத்தரவு போட்டார். சரோஜா அம்மி அரைப்பதை நிறுத்த வேண்டும். நான் செருப்பைக் கழற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கூடை போட்டு மூட வேண்டும். இரண்டு காதும் கேட்காத மனிதருக்கு எதற்கு இவ்வளவு அமைதி என்று சரோஜா என்னைக் கேட்டாள், அதையும் கிசுகிசுப்பாக.

அவர் கம்பியின் ஒரு முனையை மண்ணில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்படியே கால் மணி நேரம். நகர்ந்து போய் இன்னோர் இடத்தில் ஊன்றினார். மறுபடி கடித்தார். காது வழியாகப் போகாத சத்தம் பல் வழியாக எலும்புக்குள் போய்விடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தோட்டம் அனுப்பிய பாஸ் என் வாசலில் இரும்பு தின்றுகொண்டிருக்கிறார் என்பதுதான்.

கடைசியில் கம்பியை வாயிலிருந்து எடுத்து, மூன்று லீக் இருக்கிறது என்றார். ஒன்று ஐந்து வருஷத்துப் பழசு, ஒன்று போன மழைக்கு வந்தது, ஒன்று இப்போதுதான் நடை பழகுகிறது. குச்சி நட்டு அடையாளம் வைத்த மூன்று இடத்திலும் தோண்டினார். குச்சிக்கு நேர் கீழே, ஒரு விரல்கடை தப்பாமல், குழாய் அரித்துப்போய்த் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, மெல்லிய கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். எங்கள் குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. சரோஜா பெட்டியை உள்ளே வைத்தாள்.

மறுநாள் பத்தடி தள்ளி வெடித்தது. அதைக் கட்டினார். அதற்கு அடுத்த நாள் வாசற்படிக்குக் கீழே. அந்த வாரத்தில் எங்கள் முற்றத்தில் ஏழு குழிகள். விளக்கு இல்லாமல் வெளியே போவதென்றால் எண்ணிக்கொண்டுதான் போவேன். எட்டாவது குழி என் கணக்கில் இல்லாததால் அதற்குள் விழுந்தேன். சரோஜா என்னைத் தூக்கிவிட்டு, மஞ்சள் பற்றுப் போட்டு, பெட்டியோடு ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

காது பாஸுக்கு இதைச் சொல்ல நான் கத்தவேண்டி இருந்தது. என் மனைவி போய்விட்ட செய்தியை மூன்று லயமும் கேட்டது.  அவர் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"இது கட்டிக் கட்டி ஆவுற லைன் இல்லீங்க மாஸ்டர். முழுசும் மாத்தணும். பெரிய லீக்கு இங்க இல்ல. பெரிய கிளாக்கரய்யா தோட்டத்துல இருக்கு" என்றார்.

மேட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் குழாய், வழியில், ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கரின் காய்கறித் தோட்டத்துக்கு அடியில் வந்தது. அங்கேதான் அவருடைய கோவாப் பாத்தி. முட்டைக்கோசைத்தான் நாங்கள் கோவா என்போம். மாசி வெயிலில் ஊரில் எல்லார் பாத்தியும் காய்ந்து கிடக்க, அவருடைய கோவா ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. தன் கைராசி என்று சொல்லிக்கொள்வார். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு வாரம் ஒன்று கொடுத்தனுப்புவார். காது பாஸ் வேலிக்கு வெளியே நின்று கம்பியைக் கடித்துப் பார்த்து, கைராசி இல்லை, அரையங்குல ஓட்டை என்று கண்டுபிடித்துவிட்டார்.

பெரிய கிளாக்கர் குரலை உயர்த்தாத மனிதர். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி தான்தான் என்பதைத் தாழ்ந்த குரலாலேயே காட்டுவார். தன் தோட்டத்தில் மம்பட்டி வைக்கக்கூடாது என்று அவர் மெல்லச் சொன்னார். காது பாஸ் சரிங்கய்யா என்று வேலியைப் பிரிக்கப் போனார். கிளாக்கர் மறுபடியும் மெல்லச் சொன்னார். காது பாஸ் முதல் கம்பத்தைப் பிடுங்கினார். பெரிய கிளாக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க. கத்தியே சொல்லுங்க. இங்க லீக்கு கெடையாது. இனி வேலியில கை வச்சா பத்துச்சீட்டு குடுத்துருவேன்னு சொல்லுங்க."

பத்துச்சீட்டு என்றால் வேலையும் லயத்து வீடும் சேர்ந்து போகிற காகிதம். எனக்கு வீடு கொடுத்தவரும், வேண்டாமென்றால் எடுக்கக்கூடியவரும் அதே பெரிய கிளாக்கர்தான். நான் கத்தினேன். என் தண்ணீருக்காக வந்த மனிதரிடம், லீக் கிடையாது, வேலியைத் தொட்டால் பத்துச்சீட்டு என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காது பாஸ் பிடுங்கிய கம்பத்தைத் திரும்ப நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் தனியாகச் சோறாக்கினேன். 

பெரிய கிளாக்கர் அதோடு விடவில்லை. தன் தோட்டத்தில் கசிவு எதுவும் இல்லை என்று துரைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து துரை நாயோடு அந்தப் பக்கம் சுற்றி வந்தார். வேலியோரம் கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். கேள்வி காது பாஸின் காதில் விழவில்லை, ஆனால் வாய் அசைந்தது தெரிந்தது. பதில் சொல்வதை விடக் காட்டுவது சுலபம் என்று நினைத்திருக்க வேண்டும். கம்பியின் முனையைத் தன் சட்டையில் துடைத்து, துரையின் வாயில் வைத்துவிட்டார்.

பள்ளிக்கூட ஜன்னலில் நின்று நான் இதைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு முழுவதும் பார்த்தது. காது பாஸின் கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம். துரை கம்பியைத் துப்பவில்லை. கடித்தார். கண்ணை மூடினார். குரைத்த நாயைக் கையைக் காட்டி அடக்கினார். ரொம்ப நேரம் அப்படியே நின்றுவிட்டு, கோவாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு வாரம் ஒன்று வருகிற கோவா.

பிறகு பெரிய கிளாக்கரை வரவழைத்தார். கடிதத்தில் எழுதியது நிஜமா என்று விசாரித்தார். பெரிய கிளாக்கர் நிஜம் என்றார், மிக மெல்ல. துரை காது பாஸின் பக்கம் திரும்பி, கையால் அரைவட்டம் போட்டுக் காட்டித் தன் தமிழில் கத்தினார்.

"பெரிய கிளாக்கர் லீக் இல்லே சொல்றான். இல்லேன்னா தோண்ட வேண்டாம். சுத்திப் போ. புது லைன்."

பாக்டரி ஸ்டோரில் கிடந்த புது இரும்புக் குழாய்களை நாலு பேர் சுமந்து வந்தார்கள். காது பாஸ் தொட்டியிலிருந்து வேலியைச் சுற்றி, தேயிலை மலையின் வடிகாலான கானை ஒட்டி, எங்கள் சமையல்கட்டான குசினி வரைக்கும் இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டவைத்தார். மண்ணில் கல் படாதபடி அடியில் மணல். குழாய் முனையில் முறுக்கு வெட்டிய மரைக்குச் சணல் சுற்றி, பெயின்ட் பூசி, ஒவ்வொரு குழாயாக முறுக்கி ஏற்றினார். முழுதும் பூட்டியபின் ஒரு தடவை தண்ணீர் விட்டு, மூட்டு மூட்டாகக் கடித்துக்கொண்டு வந்தார். எனக்குக் காய்ந்ததாகத் தெரிந்த ஒரு மூட்டில் நின்று, இது சரியில்லை என்றார். மரைபோட்ட குழாயில் நடுவில் ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. தண்ணீரை அடைத்து, கடைசி முனையிலிருந்து ஒவ்வொன்றாக, பதினொரு குழாயைத் திரும்பக் கழற்றினார். ஒரு முனகல் இல்லை.

எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதிலே ஒரு சிக்கல் இருந்தது. அவருக்குக் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டால் தோட்டத்துக்கே கேட்கும். பெரிய கிளாக்கருக்கும் கேட்கும். இரண்டு நாள் அவர் பின்னாலேயே வாயைத் திறப்பதும் மூடுவதுமாகச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் குழாய்களைத் திரும்பப் பூட்டி முடித்துவிட்டு, அவர் வாய்க்காலின் மேல்முனையில் உட்கார்ந்து, மூட்டில் கம்பியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நான் குசினிப் பக்கத்தில் நின்றேன். இன்னும் திறந்து மூடுகிற பைப் மாட்டாத குழாயின் வாய் என் முழங்காலுக்கு நேரே திறந்து கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. குனிந்து அதற்குள் வாயை வைத்து, "பாஸ், அன்னைக்கி நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கம்பியை வாயிலிருந்து எடுத்தார். குழாயைப் பார்த்தார். பிறகு கீழே என்னைப் பார்த்து, எப்போதும் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்:

"மாஸ்டர், குழாய்க்குள்ள யாரோ இருக்காங்க. நல்ல மனுசனாட்டம் தெரியுது. தண்ணி விடப் போறேன், வெளிய வரச் சொல்லுங்க."

அன்று மாலை பைப்பைத் திறந்ததும் தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளியது. சரோஜாவுக்கு லெட்டர் போட்டேன். அவள் வந்தாள். பழைய லைனைத் தொட்டியடியில் அடைத்துவிட்டார்கள். லீக் இல்லாத தோட்டத்தில் கோவாக்கள் ஒரே வாரத்தில் துவண்டு விழுந்தன. ஏன் என்று பெரிய கிளாக்கர் யாரையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட கடிதம் துரையின் மேசையில் இருந்தது. பத்துச்சீட்டுப் பேச்சும் அதற்கப்புறம் எழவில்லை. பூவாளியைத் தூக்கிக்கொண்டு அவரே சாயந்தரம் பாத்தியில் நிற்பதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரண்டு வருஷத்தில் எனக்கு றொசல்லப் பக்கம் மாற்றலாயிற்று. அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, கம்பியும் கையுமாகக் காது பாஸ் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. எங்களிடம் பேசாமல், தொட்டியிலிருந்து குசினி வரைக்கும் அந்த வீட்டு லைனைக் கடித்துப் பார்த்தார். சரோஜா அவர் கேட்காமலே அம்மியை நிறுத்தி, அயல்வீட்டுக் கோழிகளைக் கூடை போட்டு மூடிவிட்டாள். "இங்க பயமில்லம்மா, நல்ல லைனு" என்று அவளிடம் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு, வந்த வழியே நடந்து போனார்.

அந்த வீட்டில் பல வருஷம் இருந்தோம். ஒரு தடவைகூட லீக் வரவில்லை, காது பாஸும் வரவில்லை. ஒன்றாவது வந்திருக்கலாம் என்று சரோஜா இன்றைக்கும் சொல்லுவாள்.