கந்தசாமி அண்ணனை அழைத்துவந்த அப்டேட்

இறந்துபோன ஒருவர் பேசக் கேட்டு, பட்டப்பகலில், முப்பது பேருக்கு முன்னால் தலைதெறிக்க ஓடியவன் நான். அந்த ஓட்டத்தில் என்னை யாரும் முந்தவில்லை என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது ராசிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்திவந்தேன். (ஸ்டுடியோ என்றால் ஒரு லேப்டாப், ஒரு மைக், எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. நாமக்கல் பக்கத்தில் இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம்.) லேப்டாப்பிலிருந்த இசை மென்பொருளுக்கு ஒரு வியாதி. வேலை முடிகிற நேரம் பார்த்துத் தானாக மூடிக்கொள்ளும்.

புதுச்சத்திரத்தில் கோழித்தீவன லாரி ஓட்டிக்கொண்டிருந்த கந்தசாமி அண்ணன், கோயில் திருவிழா அறிவிப்பைப் பேசிப் பதிய, மனைவி மணியக்காவோடு வந்த அன்றும் அப்படித்தான். கணீரென்று பேசி முடித்தார். திரை கறுத்தது. பதிந்ததெல்லாம் தொலைந்தது.

"போச்சுங்ணா" என்றேன்.

"போனாப் போகுது உடுங்க. இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வரவில்லை. அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

வருஷத் திதிக்கு அவர் பேரில் ஒரு பாட்டு செய்து தரச் சொன்னார் மணியக்கா. "அவுங்க சத்தம் எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க சாமி. போன்ல இருந்ததும் போன் ஒடஞ்சப்பவே போயிருச்சு. பாட்டாச்சும் இருக்கட்டும்."

பாட்டு தயாரானது. புத்தியுள்ளவன் அதைத் தனியாக எடுத்துப் பென் டிரைவில் கொண்டுபோவான். நானோ, கூட்டத்துக்கு முன்னால் பட்டன்களைத் திருகி இன்ஜினியர் என்று காட்டிக்கொள்ள, மென்பொருளையே அங்கே ஓட்டுவதென்று முடிவு செய்தேன். நடுவில் மூடிக்கொண்டால் மானம் போகுமே என்று, திதியன்று காலையில் புது அப்டேட் போட்டேன். 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது' என்றது முதல் வரி. அதற்குமேல் எவன் படிப்பான்?

அன்று எங்கள் தெருவில் மின்தடை. விசைத்தறிகள் நின்றிருந்தன. எந்நேரமும் தடதடக்கும் தெரு, காதில் பஞ்சை அடைத்ததுபோல் கிடந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை ஒருமுறை ஓடவிட்டேன். பாட்டு முடிந்தது. நிறுத்தக் கை நீட்டியபோது, என் பிடரிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு தடவை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். முட்டை அட்டைகள்தான். படியில் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை.

"சுமதி, யாராச்சும் மேல வந்தாங்களா?" என்று கீழே பார்த்து மனைவியைக் கேட்டேன்.

"கதவு சாத்தித்தானுங்க கெடக்குது."

இன்னொரு முறை கேட்டுப் பார்க்கத் தைரியமில்லாமல், லேப்டாப்பை மூடிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

மணியக்கா வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம். எதிரே உறவினர்கள். மின்விசிறிக் காற்றில் மாலை ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு நல்லபடியாக ஓடி முடிந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் அடக்கமாகத் தலை குனிந்து, யாராவது பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். நிறுத்த மறந்துவிட்டேன்.

ஸ்பீக்கரில் செருமல். இரண்டு தடவை. அந்த வீட்டில் அது யாருடைய செருமல் என்று தெரியாதவர் இல்லை. எல்லாத் தலைகளும் படத்தை நோக்கித் திரும்பின.

"ரெடிங்களா?" என்றார் கந்தசாமி அண்ணன். "மணி, அந்த ஃபேனை நிறுத்து புள்ள. காத்துச் சத்தம் கேக்குது."

மணியக்கா எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இறக்கைகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. படத்து மாலையும் அசைவதை நிறுத்தியது.

"வருகிற செவ்வாய்க்கிழமை, பெரியோர்களும் தாய்மார்களும் குடும்பத்தோடு தவறாது வந்து சேருமாறு அன்போடு அழைக்கிறேன்."

முன்வரிசையில் இருந்த சென்னியப்பப் பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "நாங்க இப்பத்திக்கு வர்லப்பா கந்தசாமி!"

அவ்வளவுதான். கூடமே வாசலுக்குப் பாய்ந்தது. ஒரு பட்டனை அழுத்தியிருக்க வேண்டிய நான் எல்லாருக்கும் முன்னால் ஓடினேன். நீளமான வயர் காலில் சுற்றிக்கொண்டதில், ஒரு ஸ்பீக்கர் தடதடவென்று படியிறங்கி என் பின்னாலேயே வந்தது, 'தவறாது வந்து சேருமாறு' என்று மறுபடியும் சொல்லிக்கொண்டே. பந்திக்கு வைத்திருந்த ரசக் குண்டாவைத் தாண்டிக் குதித்தேன். நான் தாண்டிவிட்டேன். ஸ்பீக்கர் தாண்டவில்லை. ரசத்துக்குள் கொப்பளித்து அடங்கியது.

உள்ளே திரும்பியபோது மணியக்கா மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில், பாட்டுக்குக் கீழே, பெயரில்லாத சாம்பல் நிறப் பட்டை ஒன்று நீண்டிருந்தது. அப்போதுதான் அப்டேட் குறிப்பின் இரண்டாவது வரியைப் படித்தேன். முன்பு மென்பொருள் மூடிக்கொண்டபோது தொலைந்த பதிவுகள் மீட்கப்பட்டு, அடுத்துத் திறக்கும் பாட்டின் கடைசியில் சேர்க்கப்படுமாம்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. அன்னிக்கு அண்ணன் பேசுனதுதான் திரும்ப வந்திருச்சு. அழிச்சர்றேன்."

"அழிக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்கா போடுங்க சாமி."

மிஞ்சிய ஒற்றை ஸ்பீக்கரில் போட்டேன். செருமல் வந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

"நிறுத்திட்டனுங்க" என்றார் மணியக்கா, லேப்டாப்பைப் பார்த்து.

எனக்கு மறுபடியும் ஓடத் தோன்றியது. ஓடவில்லை. அந்தக் குரலை அவருடைய புது போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். சென்னியப்பப் பெரியப்பா மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமை முழுவதும் கட்டிலை விட்டு இறங்கவில்லையாம்.

இன்றும் எங்கள் வீட்டில் எந்த போன் அப்டேட் கேட்டாலும் சுமதி என்னைத்தான் கூப்பிடுவாள். "ஏனுங்க, இந்தவாட்டி யாரு வாராங்கன்னு முழுசாப் படிச்சுப்போட்டு அமுத்துங்க. வாரவிங்களுக்கும் சேத்துச் சோறாக்கோணும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பேன்.