மெர்வின் பிடித்த உண்ணி

பெண்டாட்டி போனால் போகட்டும், நாயை மட்டும் விடுவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெர்வின் இப்படி ஒரு சபதம் எடுத்தான். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டான். பக்கத்து அறையில் நோலீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் அடிலெய்டுக்குக் கிளம்புகிறாள், தங்கை வீட்டுக்கு. எத்தனை நாளைக்கு என்று அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? இரண்டு பேரும் பேசிப் பதினோரு வாரம் ஆகிறது.

காரணம் ஒன்றும் பெரிதில்லை என்பது மெர்வினின் கட்சி. தன் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கடற்கரையில் ஒரு வாரம் போய் இருக்கலாமா என்று அவள் கேட்டாள். இவன் சந்தைக்குப் போய், மாட்டைக் கழுத்தோடு பிடித்து நிறுத்துகிற இரும்புக் கூண்டு ஒன்றை வாங்கி வந்து, அதன் உச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டி, "உனக்குத்தான்!" என்றான். "இனிமே நீ வாலைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேணாம் பாரு." இதற்கு மேல் ஒரு புருஷன் என்னதான் செய்வான், சொல்லுங்கள். நோலீன் கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள். ரிப்பனை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்.

ஆனால் குடித்தனம் என்று இருந்தால் நாலு வார்த்தை வேண்டுமே. அந்த வேலையை ஜின்னி பார்த்தாள். ஜின்னி அவர்கள் வீட்டு நாய். மாடு மேய்க்கிற கெல்பி ஜாதி, ஐந்து வயசு.

"ஜின்னி, உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு."

"ஜின்னி, உங்கம்மாகிட்ட சொல்லு, கண்ணு எனக்கும் தெரியுதுன்னு."

"சேத்துக் காலோட உள்ள வந்தா நாளையிலேருந்து சாப்பாடு தொழுவத்துலன்னு சொல்லு."

"அங்கயாவது நிம்மதியா சாப்பிடலாம்னு சொல்லும்மா கண்ணு."

பாவம் அந்த நாய். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி அதற்குக் கழுத்தே சுளுக்கியிருக்கும். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில்தான் அந்தக் குண்டு விழுந்தது. "ஜின்னி, உங்கப்பாகிட்ட சொல்லிடு. வெள்ளிக்கிழமை நாம ரெண்டு பேரும் சித்தி வீட்டுக்குப் போறோம்."

ரெண்டு பேரும்! காலையில் மெர்வின் வண்டியில் ஏறினால் பக்கத்து இருக்கையில் ஏறி, முழங்கால் மேல் முகத்தை வைத்துக்கொள்கிற ஜீவன் அது ஒன்றுதான். அதுவும் போனால் இந்த மலையடிவாரத்தில் அவன் வருகிற சத்தம் கேட்டுத் தலை நிமிர்த்த ஒருவரும் இல்லை. மாடுகள் நிமிர்த்தும், தீனிக்கு.

செப்டம்பர் மாதம், இங்கே வசந்த காலம். எங்கள் பக்கத்தில் செப்டம்பர் என்றால் உண்ணி. புதரிலிருந்து ஒன்று ஏறிக் கடித்தால் போதும், நாய்க்குப் பின்னங்கால் தொய்யும், குரைப்பு கரகரக்கும், கவனிக்காவிட்டால் மூச்சே நின்றுவிடும். பிழைத்தாலும் இரண்டு வாரத்துக்கு ஓடக் கூடாது, வெயிலில் விடக் கூடாது, வண்டிப் பயணம் கூடவே கூடாது என்று நாய் ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லி அனுப்புவார்கள். மெர்வினுக்கு இது போதுமே! டாக்டர் வாயால் 'பயணம் கூடாது' என்று ஒரு வார்த்தை. நோலீன் தனியாகத்தான் போக வேண்டும்.

உயிருள்ள உண்ணியை நாய் மேல் விட்டுவிடுகிற அளவுக்கு அவன் பாவி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உண்ணியைப் பிடுங்கினால் ஜாடியில் போட்டு டாக்டரிடம் காட்டுவது ஊர் வழக்கம். ஜாடியில் ஒன்று இருந்தால் சரி, மற்றதை வாய் பார்த்துக்கொள்ளும்.

செவ்வாய் முழுக்கப் புதர் புதராகப் புகுந்தான். அறுபத்துமூன்று வருஷமாகக் கேட்காமலே வந்து அக்குளில் ஒட்டிக்கொண்ட உண்ணிகள், வேண்டும் என்று தேடினால் ஒன்றுகூட இல்லை. புதன்கிழமை காலை நாற்பது நிமிஷம் வண்டி ஓட்டி, மாநில எல்லையைத் தாண்டி, குயின்ஸ்லாந்துப் பக்கம் மாடு வைத்திருக்கும் பழைய சிநேகிதன் வாரனிடம் போய் நின்றான்.

"உண்ணியா? எத்தனை கிலோ வேணும்?" என்றான் வாரன்.

"ஒண்ணு போதும்."

"எதுக்குய்யா?"

"நோலீனுக்காக."

"பொறந்தநாள்தான் முடிஞ்சு போச்சே!"

வாரன் தன் காளையின் காதுக்குள் விரலை விட்டு, கொழுத்த உண்ணி ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தான். சாம்பல் நிறத்தில் பட்டாணி மாதிரி இருந்தது. எல்லாம் உண்ணிதானே, அதற்கென்ன நெற்றியில் ஊர் பேர் எழுதியிருக்கிறதா என்று நினைத்தான் மெர்வின். ஊறுகாய் ஜாடியில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது எல்லையில் அந்தப் பெரிய பலகை நின்றது. மாட்டு உண்ணியை இந்த மாநிலத்துக்குள் கொண்டு வராதீர்கள், சட்டப்படி குற்றம். நாற்பது வருஷமாகப் பார்க்கிற பலகை. அது மாடு ஏற்றி வருகிறவனுக்கு என்று விட்டுவிட்டான்.

வியாழன் காலை. பின்னங்கால் தொய்ய வேண்டுமே என்று ஜின்னியை மாடுகளின் பின்னால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் விரட்டினான். நாய்க்கு ஒரே கொண்டாட்டம். கால் தொய்ந்தது இவனுக்குத்தான். அப்புறம் அதைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான்.

"உண்ணி, இங்க்ரிட்! காலே நிக்கல!"

டாக்டர் இங்க்ரிட் வெளியே ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்து ஜின்னி கம்பளியை உதறிவிட்டு, எடை பார்க்கிற பலகை மேல் தானே குதித்து ஏறி, வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது. போன தடவை அங்கே பிஸ்கட் கிடைத்திருந்தது.

"கால் நிக்கலன்னீங்க?"

"வந்து வந்து போகுது."

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் இதில் யாரும் விளையாடுவதில்லை. "சரி, எதுக்கும் உடம்பு முழுக்கத் தேடிப் பாத்துடறேன். ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும். தண்ணிகூடக் குடுத்துடாதீங்க, புரை ஏறிடும். இந்தப் படிவத்தை நிரப்புங்க."

உண்ணி எங்கே, எப்போது கிடைத்தது? 'எங்கள் தோட்டத்தில், இன்று காலை, நாயின் கழுத்தில்' என்று எழுதிக் கையெழுத்தையும் போட்டுவிட்டான் மெர்வின்.

"ஆனா ஜின்னி உங்க மனைவி பேர்லல்ல பதிவாயிருக்கு?" என்றாள் டாக்டர். "மயக்க ஊசி போட்டு முடி எடுக்கணும்னா அவங்க சரின்னு சொல்லணும். கூப்பிட்டுட்டேன். வந்துக்கிட்டிருக்காங்க."

இதை அவன் யோசிக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குட்டியைப் பதிவு செய்யப் போனபோது, படிவத்தைக் கண்டதும், "நீயே போடு, எனக்கு ஏன் வம்பு?" என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

நோலீன் வந்தாள். சரி என்றாள். நாயை உள்ளே கொண்டு போனார்கள். இரண்டு பேரும் வெளியே, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

"ஜின்..." என்று ஆரம்பித்தாள் நோலீன். கீழே வெறும் தரைதான் இருந்தது. இனி நேராகப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

"எங்க கடிச்சுது?"

"கழுத்துல."

"எந்தப் பக்கம்?"

"இடது. இல்ல, வலது. அது எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கறதைப் பொறுத்து."

"உண்ணி மாத்திரை போன வாரம்தானே குடுத்தேன்."

"சிலதுக்கு என்ன குடுத்தாலும் உறைக்காது."

"தெரியும்," என்றாள் நோலீன். "நாப்பது வருஷமா ஒண்ணை வச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அரை மணி கழித்து டாக்டர் கையில் ஜாடியோடு வந்தாள். முகம் சரியில்லை.

"ஜின்னிக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு கடி கூட இல்ல. முடிதான் எல்லாம் போச்சு." ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். "பிரச்சினை இதுதான். இது நாயை முடக்கற உண்ணி இல்ல. மாட்டு உண்ணி. காலும் வாயும் வேற மாதிரி, கண்ணாடி வச்சுப் பாத்தேன். இந்த மாநிலத்துல ஒண்ணு தென்பட்டாலும் நான் கால்நடைத் துறைக்குச் சொல்லியாகணும், சட்டம். உங்க தோட்டத்துல கிடைச்சதுன்னு எழுதியிருக்கீங்க. நிச்சயமா?"

மெர்வின் ஜாடியைப் பார்த்தான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஜின்னி கண் முழிச்சுட்டாளான்னு பாத்துட்டு வர்றேன். வந்ததும் போன் பண்ணிடுவேன்."

கதவு மூடியது. நோலீன் திரும்பி உட்கார்ந்தாள்.

"வாரன் காளைதானே?"

மெர்வின் சட்டைப் பையைத் தடவினான்.

"அந்தப் பலகையைத் தாண்டி, பையில வச்சுக் கொண்டு வந்திருக்கே."

மெர்வின் கம்பளியை மடிக்க ஆரம்பித்தான்.

"எதுக்கு மெர்வ்?" அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "கத்த மாட்டேன். எதுக்குன்னு மட்டும் சொல்லு. சொன்னா ரெண்டு பேருமா இங்க்ரிட்கிட்ட உண்மையச் சொல்லிடுவோம். எங்க வீட்டுக் கிழவனுக்கு மூளை குழம்பிடுச்சு, மன்னிச்சுக்கோன்னு நானே கேக்கறேன். கேட்டுட்டு வீட்டுக்குப் போவோம். பெட்டியைக்கூட நாளைக்குப் பாத்துக்கலாம். எதுக்குச் செஞ்சே?"

ஐயோ, அவள் இதற்கு மேல் எப்படித்தான் கதவைத் திறந்து பிடிப்பாள்? நீ போகக் கூடாதுன்னு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கு நுனிக்கும் வந்தது. காது சிவந்தது. அங்கே வந்து நின்ற அந்த வார்த்தையை இந்த மனுஷன் விழுங்கிவிட்டு, சொன்னான் பாருங்கள்:

"நாய் போயிடக் கூடாதுன்னு."

"நாய்," என்றாள் நோலீன்.

"ஆமா."

"நாய் மட்டும்."

"பின்ன, மாடு மேய்க்க ஒரு ஆள் வேணுமில்ல?" என்று சிரித்தான். வேடிக்கையாகச் சொன்னானாம். அடப்பாவி!

டாக்டர் திரும்பி வந்தாள். "சொல்லுங்க."

"எங்க தோட்டத்து உண்ணிதான் இங்க்ரிட்," என்றாள் நோலீன். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவரே கைப்பட எழுதியிருக்காரே. எங்க வீட்டுக்காரர் எந்தக் காகிதத்துலயும் லேசில கையெழுத்துப் போடற ஆளே இல்ல. போட்டிருக்கார்னா அது சத்தியமாத்தான் இருக்கும்."

மெர்வின் வாயைத் திறந்தான். இல்லை என்றால் எல்லை தாண்டி உண்ணி கடத்தியவன் ஆவான். அதைவிட மோசம், எதற்குக் கடத்தினான் என்று ஊரே கேட்கும். பாரில் தலை காட்ட முடியாது. வாயை மூடினான்.

"அப்புறம் ஒரு விஷயம் இங்க்ரிட்," என்றாள் நோலீன் எழுந்துகொண்டே. "ஜின்னி தூரப் பயணம் போகலாமா?"

"தாராளமா. இவ்வளவு ஆரோக்கியமான நாயை இந்த மாசம் நான் பாக்கவே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கால்நடைத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நாற்பத்துமூன்று மாடு. ஒவ்வொன்றாகக் காது, கழுத்து, மடி, வாலடி என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் இன்னும் சந்தேகம் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அத்தனை மாட்டையும் வளைத்துப் பிடித்து மருந்து ஊற்ற வேண்டும், அடுத்த வசந்தம் வரைக்கும். "ஆள் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார் ஒருவர். "நல்ல நாய் ஏதாவது?" மெர்வின் ஏதோ முனகினான். அவர்கள் வாசல் கேட்டில் தடை உத்தரவு என்று மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்கு நோலீனின் கார் கிளம்பியது. முன் இருக்கையில் ஜின்னி. உடம்பில் ஒரு முடி இல்லை. குளிருமே என்று நோலீன் தன் நீல ஸ்வெட்டரைப் போட்டு, கைகளை மடித்துவிட்டிருந்தாள். கேட் திறக்க மெர்வின் நின்றிருந்தான். ஜின்னி அவனைப் பார்த்துக் கண்ணாடியில் மூக்கை அழுத்தியது. அவனும் அதற்குக் கை காட்டினான். அதன் தலைக்கு மேலே தெரிந்த நோலீனின் முகத்தைக் கண்டதும் தாங்க முடியவில்லை. அழுதிருக்கிறாள். இவ்வளவு காலமாக அவளை இப்படி உற்றுப் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சுற்றி ஓடிப்போய் அவள் பக்கத்துக் கதவைப் பிடித்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"போகாத, நோலீன்." குரல் உடைந்துவிட்டது. "நாய்க்காக இல்ல. எடுத்துக்கிட்டுப் போ நாயை. நீ போகாத. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லிவிட்டான், கடைசியில். நோலீன் அசையாமல் கேட்டுக்கொண்டாள். கையை நீட்டி, அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். பிறகு கேட்டில் இருந்த மஞ்சள் நோட்டீஸைக் காட்டினாள்.

"நல்லாப் படிச்சுப் பாரு, மெர்வ். இங்கேருந்து வெளிய போகக் கூடாதது மாடு மட்டும்தான்."