முப்பத்தெட்டு வந்தால் மழை

கோவில்பட்டியில் மழையைப் பற்றிப் பேசாதவர் யாருமில்லை. பெய்யாத ஒன்றைப் பற்றித்தானே மனிதன் ஓயாமல் பேச முடியும்? ஆனால் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது அந்தச் சாதாரணப் பேச்சுக்காரரை அல்ல. இவர் வேறு இனம். இடிக்கணக்கர். நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்ப்பதெல்லாம் இவருக்குக் கேவலம். மேகத்தைப் பார்க்க மாட்டார்; எண்ணைப் பார்ப்பார்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பூவனலிங்கம். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்த பிறகு அவருடைய பத்து மிஷின்களில் எட்டு உறை போட்டுத் தூங்கின. மனிதருக்குக் கை சும்மா இருந்தால் என்ன செய்வார்? வீட்டு முகப்பில் இரண்டு தெர்மாமீட்டர்களைத் தொங்கவிட்டார். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி, நுனியை ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் ஊறவிட்டிருந்தார். இரண்டும் காட்டும் எண்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ, காற்றில் அவ்வளவு ஈரம்.

தினமும் காலையில் அந்த எண்களைக் குறித்து முடிந்ததும், பத்து மணிக்கு செல்வகணேஷின் பிரவுசிங் சென்டர். அங்கேதான் 'கே' என்ற எண் கிடைக்கும். கீழே வெக்கையும் ஈரமும், மேலே குளிர்ச்சியும் இருந்தால் காற்று நிலைகொள்ளாமல் குக்கர் போலக் குமுறி மேலே ஏறும், இடிக்கும். அந்தக் குமுறலுக்குப் போடும் மார்க்குதான் கே. முப்பத்தைந்தைத் தாண்டினால் விசேஷம். இன்னோர் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இறங்க விசேஷம். "மைனஸ் நாலுலே!" என்று நாற்காலியை விட்டுத் துள்ளி எழுகிற மனிதரை நீங்கள் வேறெங்கே பார்த்திருப்பீர்கள்?

"அண்ணாச்சி, இது திருவனந்தபுரத்துல விட்ட வானிலை பலூன் எடுத்த கணக்குன்னு போட்டிருக்கே. நடுவுல மலை இருக்குல்லா?" என்று ஒருநாள் கேட்டான் செல்வகணேஷ்.

"காத்துக்கு என்னலே செக்போஸ்டா இருக்கு?"

மலைதான் அந்தச் செக்போஸ்ட். சந்தேகமிருந்தால் நம் கண்மாய்களைக் கேளுங்கள்.

சரி, சொன்ன மழை வராவிட்டால்? அதற்கும் சாத்திரத்தில் இடமுண்டு. "நடுவானத்துல வெக்கையா ஒரு அடுக்கு மூடி மாதிரி உக்காந்திருக்கு. மூடி திறக்கல." அவ்வளவுதான். வருஷம் பூராவும் அந்த மூடி திறக்கவில்லை. அதோடும் விட மாட்டார். எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருக்கும் சகலை கருத்தப்பாண்டிக்குப் போன் போடுவார்.

"சகலை, அங்கன இடிச்சுதா?"

"இல்லயே. மூணு மணிக்கு ஒரு உறுமல் கேட்டுது. டிராக்டரா இருக்கும்."

"உறுமல்னா உறுமல்தான். எழுதிக்கிடுதேன்."

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஏப்ரலில்தான் வினை வந்தது.

கரிசல்காட்டுக்காரர் மழையை வேண்டாமென்று கும்பிடுகிற ஒரே வாரம், களத்தில் மிளகாய் காய்கிற வாரம். பூவனலிங்கத்தின் மனைவி மீனாட்சியம்மாளின் ரெண்டு ஏக்கர் மிளகாய், பன்னிரண்டு மூடை, வீட்டுக்குப் பின்னால் களத்தில் சிவப்புச் சமுக்காளமாகக் கிடந்தது. இன்னும் இரண்டு வெயில் வேண்டும். நனைந்தால் வெளிறிப்போகும். அரைக்காய்ச்சலில் மூடை கட்டினாலும் வேர்த்து வெளிறிப்போகும். வருஷ உழைப்பு மொத்தமும் அந்த இரண்டு வெயிலில் நின்றது.

திங்கட்கிழமை கே முப்பத்தாறு. "அள்ளு!" என்றார். அள்ளினார்கள். வானம் கழுவித் துடைத்த வெண்கலப் பானையாக மின்னியது. செவ்வாய்க்கிழமை இரண்டு தெர்மாமீட்டரும் அச்சாக ஒரே எண்ணைக் காட்டின. நூற்றுக்கு நூறு ஈரம்! பிரளயம்! மறுபடியும் அள்ளினார்கள். சாயங்காலம்தான் தெரிந்தது, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து வேட்டித்துணி காலையிலேயே காய்ந்துவிட்டதென்று. புதன்கிழமை மைனஸ் நாலு. அள்ளினார்கள். மூடி திறக்கவில்லை.

வியாழக்கிழமை மீனாட்சியம்மாள் மூடையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்வை. நாலைந்து மிளகாய்ப்பழம் வெளிறத் தொடங்கியிருந்தது. அத்தனையையும் களத்தில் கொட்டி விரித்தாள். பத்தரைக்குப் பூவனலிங்கம் மூச்சிரைக்க வந்தார்.

"ஏட்டி, இன்னைக்கு முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு நான் பார்த்ததே கிடையாது!"

"உங்க முப்பத்தெட்ட உங்க சகலைட்டயே சொல்லுங்க. எனக்கு வெயில் வேணும். ஒரு வத்தலைத் தொட்டியள்னா, அப்புறம் தெரியும்!"

அவர் தொடவில்லை. களத்தைப் பார்க்க ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மனசுக்குள் என்ன வேண்டினார்? 'மிளகாய் தப்பட்டும்' என்றா? நீங்கள் நல்லவர், அப்படித்தான் நினைப்பீர்கள்.

நாலு மணிக்கு மேற்கே கருத்தது. நாலு பத்துக்கு இடித்தது. டிராக்டர் அல்ல, அசல் இடி. முதல் துளி மிளகாய் மேல் 'சட்'டென்று விழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தாலி கட்டின அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்ததில்லையென்று பக்கத்து வீட்டு எஸ்தர்ராணி சாட்சி சொல்வாள். அவள் கல்யாணத்துக்கும் வந்தவள், அன்றைக்குக் களத்துக்கும் ஓடி வந்தவள்.

"ஏங்க, மரம் மாதிரி நிக்கியளே! தார்ப்பாய அந்தப் பக்கம் பிடிங்க!"

"இரு, நேரத்தக் குறிச்சுக்கிடுதேன்."

"வத்தல் மிதக்குதுங்க!"

"நாலு பத்தா, நாலு பதினொண்ணா? எஸ்தர், உன் வாட்ச்ல என்ன?"

எஸ்தர்ராணி சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

பெண்கள் இருவருமாக இழுத்துப் போர்த்தியதில் நாலு மூடை தேறியது. எட்டு மூடை போயிற்று. மழை விட்டதும், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற மனைவியிடம் பூவனலிங்கம் மெதுவாக வந்தார்.

"இப்பவாவது ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிடுதேன். மழ பெஞ்சா நனையும்னு எனக்கும் தெரியும்."

ஆக, இந்த இனத்தின் அடையாளம் தெர்மாமீட்டரும் இல்லை, கேயும் இல்லை. எண்கள் பாவம், அன்றைக்கு அவை உண்மையைத்தான் சொல்லின. தன் வத்தல் நனைந்தாலும் தன் வாக்கு நனையக்கூடாது, அதுதான் அடையாளம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் மச்சினர் கடை வைத்தபோது 'ஆறு மாசம் தாங்காது' என்று சொன்னீர்களே, ஞாபகமிருக்கிறதா? ஐந்தாம் மாதமே பூட்டிவிட்டேன் என்று அவர் போன் பண்ணியபோது 'அடப்பாவமே' என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அதற்கு அரை விநாடி முன்னால் உங்கள் முகம் எப்படி இருந்தது? போனுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாரே உங்கள் வீட்டம்மா, அவரிடம் கேட்டுப் பாருங்கள்.