பார்டர் அக்கா பார்த்த சுவர்கள்

உத்திரமேரூரில் வீடு கட்டப் பேரூராட்சியின் அனுமதி போதும். அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க பார்டர் அக்காவின் அனுமதி வேண்டும். பேரூராட்சியிலாவது விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். அக்காவிடம் அதுவும் முடியாது. அவரே வந்துவிடுவார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பாயின் பெயிண்ட் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் அவருடைய கடை இருந்தது. ரவிக்கைத் துணி, லைனிங், நூல்கண்டு, அவ்வளவுதான் சரக்கு. புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒரே பார்வை பார்த்துவிட்டு அடுக்கிலிருந்து ஒரு துணியை உருவிப் போடுவார். பொருந்தும். பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் தப்பு புடவையில் இருக்கும். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவருடைய அகராதியில் சிவப்பு என்று ஒரு நிறமே கிடையாது. அரக்கு உண்டு, மாதுளை உண்டு, குங்குமம் உண்டு, மிளகாய்ப்பழம் உண்டு. வெறுமனே "செவப்பு குடுங்க" என்று கேட்டவரை, "எந்த ஊரு நீ?" என்று விசாரிப்பார்.

இத்தனை பேருக்குப் பொருத்தம் பார்த்தவர் தனக்கு ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. விற்காமல் தங்கிப்போன துண்டுகளில்தான் அவருக்கு ரவிக்கை. பச்சைப் புடவைக்குக் கத்தரிப்பூ ரவிக்கை போட்டிருப்பார். துணி பற்றாமல் போயிருந்தால் இடது கை மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும்.

அக்காவைப் பொறுத்தவரை சுவர் என்பது நிற்க வைத்த புடவை. தரையை ஒட்டி ஓடும் பட்டை பார்டர். வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவர் முந்தானை. ஜன்னல்கள் நடுநடுவே நெய்த புட்டா. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாமே, பார்டர் எங்க?" பெயர் அப்படித்தான் வந்தது. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருந்திருக்கும்.

அரிசி மண்டிக்காரர் ஒருவர் மாடி வைத்து வீடு கட்டினார். வெளியே கண்ணைப் பறிக்கும் பச்சை. உள்ளே ரோஸ். ஜன்னல் கம்பிகளுக்குக் கறுப்பு. கிரகப்பிரவேசத்தன்று அக்கா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். பந்திக்கு நின்ற நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"தர்பூஸு," என்றார் அக்கா. "வெளிய பச்சை, உள்ள ரோஸு. கம்பியைப் பாரு, கொட்டை மொதக்கொண்டு வச்சிகீறாரு."

அன்றோடு முடிந்தது. மண்டிக்காரர் வாசலில் பளிங்குக் கல்லில் வீட்டின் பெயரைப் பொறித்து வைத்திருந்தார். அதை இன்றுவரை யாரும் படித்ததில்லை. ஆட்டோக்காரர்கள், கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர் எல்லாருக்கும் அது தர்பூஸ் வூடு. மண்டிக்காரர் இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் வருடம், வழி தெரியாமல் நின்ற சம்பந்தி வீட்டாருக்கு அவரே போனில், "தர்பூஸ் வூடுன்னு கேளுங்க, சொல்லுவாங்க" என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன்.

இன்னொரு முறை, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளம் தம்பதி மாகறல் பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு வீடு கட்டினார்கள். பூச்சு இல்லை, பெயிண்ட் இல்லை, வெறும் கான்கிரீட். அதுதான் இப்போது உயர்ந்த ரசனையாம். செய்தி கேட்ட அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் பிடித்துப் போனார். யாரும் கூப்பிடவில்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு அந்தப் பையனின் தோளில் கை வைத்து, "மேஸ்திரி பாதியில ஓடிட்டானா தம்பி?" என்றார்.

"இல்லங்க, வீடு முடிஞ்சிடுச்சு. இதான் ஃபினிஷிங்."

"உங்கிட்ட அப்பிடியா சொல்லிட்டுப் போனான்? ஆளு பேரை சொல்லு, இஸ்துக்கினு வரேன்."

போன வருடம் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று கேள்வி.

இதற்கெல்லாம் ஊரோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், என் முறை வரும்வரை.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு ஒருவழியாகச் சொந்த வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, என்ன நிறம் என்று பெயிண்டர் கன்னியப்பன் கேட்டான். அந்த ஒரு கேள்வியில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

என் மனைவி சுமதி ஒரு வருடமாகவே போனில் வீட்டு அலங்காரப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் வெளிநாட்டு வீடுகள். சாம்பல் சுவர், சாம்பல் சோபா, சாம்பல் திரை. மனிதர்கள் குடியிருக்கிற அடையாளமே கிடையாது. மூலையில் ஒரு ஜாடியில் காய்ந்த குச்சி நான்கு.

"குச்சி எதுக்கு?"

"அதான் ஸ்டைல்."

நான் இளநீலம் என்றேன். கண்ணுக்குக் குளிர்ச்சி, மனதுக்கு அமைதி என்று காரணங்களும் சொன்னேன். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் எடுபடுகிற குரல் வீட்டில் ஒருத்தி முன்னால் எடுபடவில்லை. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள் நானே முடிவெடுத்து பாயின் கடைக்குப் போய் இளநீலம் கலக்கச் சொன்னேன். பாய் மிஷினைத் தொடவில்லை.

"கலந்துட்டா திருப்பி எடுக்க முடியாது சார். பொறவு எனக்குப் பேஜார். அக்கா ஒரு தபா பாத்துடட்டும்," என்று சொல்லிவிட்டுத் தடுப்புச் சுவரை இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து, "ஞாயித்துக்கெயம வரேன்!" என்று குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, தோளில் துணிப்பையோடு அக்கா எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழைந்தார். சுமதி போனை நீட்டினாள். அக்கா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகத்தில் மெய்யான கவலை.

"இவங்க வூட்ல எதுனா சாவு வுயுந்துச்சா?"

"இல்லக்கா, இதான் இப்ப ஃபேஷன்."

"எலி கலரு. எலின்னாகூட வெரட்டுனா ஓடிப்பூடும். இது சொவுத்துலயே நிக்குமே."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இளநீலத்தை எடுத்து வைத்தேன்.

"வானம் வெளிய கீதே வாத்தியாரே. உள்ள எதுக்கு இன்னொண்ணு?" என்று என்னை ஓரம் கட்டிவிட்டு, சுமதியிடம் திரும்பினார். "பீரோவைத் தொற."

"பீரோவா? எதுக்குக்கா?"

"பொடவையைப் பாக்காம கலரு சொல்றதுக்கு நான் என்ன போன்ல கீற ஆளா?"

பீரோ திறந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கடல் நீலம், இங்க் நீலம், ஆகாய நீலம், மயில் கழுத்து, மறுபடியும் கடல் நீலம். அடுக்கு அவர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. நீலம் அல்லாதது முகூர்த்தப் புடவை ஒன்றுதான்.

"இன்னாமே இது, ஏரி மாதிரி கீது. உனுக்கு நீலம்னா அம்மாம் உசுரா?"

சுமதி என்னைப் பார்த்தாள். "அவருக்குப் புடிக்கும்க்கா."

"கட்டிக்கினு நிக்கிறது யாரு?"

சுமதி கடல் நீலத்தை மறுபடி மடித்தாள்.

"செரி, அந்த எலி கலராவது உனுக்கு நெசமாலுமே புடிக்குமா?"

"புடிக்காதுக்கா," என்றாள் சுமதி. "நீலமா இல்லாம எதுனா ஒண்ணு இருந்தா போதும்னு பாத்துக்கினே இருந்தேன்."

எனக்கு நீல ஒளியின் அலைநீளம் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபது தீபாவளிக்கு நானே கடை ஏறித் தேர்ந்தெடுத்து, நானே ரசித்து, நானே பெருமைப்பட்டுக்கொண்ட புடவைகள் அவை. மனைவிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"உனுக்குன்னு புடிச்சது எதுனா வச்சிகீறியா?"

சுமதி கொஞ்சம் தயங்கிவிட்டு, பீரோவின் அடித்தட்டில் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஒரு ரவிக்கைத் துணி. மாம்பழ நிறம். தைக்கவே இல்லை.

"உங்க கடையில வாங்கினதுதான்க்கா. இதுக்குப் பொருந்துற பொடவை என்கிட்ட இல்ல. சும்மா வாங்கி வச்சேன்."

அக்கா அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "பொடவையை சொவுத்துல கட்டிடலாம் வுடு," என்றார்.

அன்றிலிருந்து புது வீட்டில் அக்காவின் ஆட்சி. கூடத்துக்கு மாம்பழ நிறம். அடியில் ஒரு முழ உயரத்துக்கு அரக்கு பார்டர். அதோடு விட்டாரா? பார்டரின் மேல் விளிம்பில் பட்டுப்புடவைகளில் வருவதுபோலக் கோபுரம் கோபுரமாகப் பல் வைக்க வேண்டும் என்றார்.

"யக்கா, நான் பெயிண்டருக்கா. தறிக்காரன் இல்ல," என்று கன்னியப்பன் கும்பிட்டான்.

"அதான் ஒக்காந்து அடிக்க சொல்றேன். தறின்னா காலும் ஆட்டணும்."

மூன்று நாள் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பல் வரைந்ததில் கன்னியப்பனின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. நான்காம் நாள் காலையில் ஆளைக் காணோம். ஐயங்கார்குளத்தில் மாமியார் வீட்டில் ஒளிந்திருந்தவனை அக்கா பஸ்ஸில் போய் அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் அவனுக்குத் தைலம் தேய்த்துவிட்டாராம். மிச்சப் பல்லெல்லாம் லேசாக இடது பக்கம் சாய்ந்திருக்கும். இப்போதும் பார்க்கலாம்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. புதிதாக மாட்டிய டியூப் லைட்டுகளைப் போட்டேன்.

கூடம் முழுக்க மஞ்சள் காமாலை. சுவர் மட்டுமில்லை, நாங்கள் நால்வரும் காமாலை நோயாளிகளாக நின்றோம். அரக்கு பார்டர் காய்ந்த ரத்தம் மாதிரி இருந்தது. "யக்கா, உன்னிய அட்மிட் பண்ணணும் போல கீதே," என்றான் கன்னியப்பன். சுமதி சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. காலையில் ஊரே வந்து நிற்கும். மண்டிக்காரர் எனக்கு என்ன பெயர் வைப்பாரோ! "துணி விக்கிறவங்க துணியோட நின்னிருக்கணும். ஊரான் வீட்டுச் சுவத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்று கத்திவிட்டேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். பை நிறைய பல்புகள். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் டியூப் லைட்டுகளை அணைத்துவிட்டு, கன்னியப்பனை ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி, தானே ஏறி, காலியாக இருந்த ஒவ்வொரு பல்பு ஹோல்டரிலும் மஞ்சள் பல்பாக மாட்டினார்.

"ஸ்விச்சைப் போடுய்யா."

போட்டேன். கூடம் பழுத்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மாம்பழத்தின் மேல் வெயில் பட்டால் எப்படியோ, அப்படி. சத்தம் கேட்டு வெளியே வந்த சுமதி அடுப்படி வாசலிலேயே நின்றாள். பிறகு போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பெயிண்ட் காய்ந்ததா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். கையை எடுக்கவே இல்லை.

"என் கடையில மஞ்ச பல்புதான் எரியும்," என்றார் அக்கா, ஸ்டூல் மேலிருந்து. "அதுலதான் அவ அந்தத் துணியைப் பாத்து ஆசைப்பட்டா. லைட்டு தப்பு. கலரு தப்பில்ல."

லைட்டு தப்பு. அவர் தப்பில்லை. என் தப்பைப் பற்றியும் அவர் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் தொண்டையைச் செருமியபோது, "இருமல்னா மொளகு ரசம் வையி," என்றார்.

மறுநாள் வந்த பெரியவர் ஒருவர் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பிரகாரம் எந்தப் பக்கம் என்று கேட்டார். மண்டிக்காரர் மூலவரைப் பற்றி விசாரித்தார். சுமதி எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே பாயசம் ஊற்றினாள்.

அப்புறம் மூன்று வருடத்தில் அக்காவுக்கு முட்டி வலி முற்றி, மகன் வந்து சென்னைக்கு அழைத்துப் போய்விட்டான். ஒன்பதாவது மாடி. கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள்.

போன மாதம், மழையில் ஊறிப்போன எங்கள் கூடத்துச் சுவர் ஒரு பக்கம் உப்பிக்கொண்டது. மறுபடி அடிக்க வேண்டும். சுமதி அக்காவுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு அக்கா.

"தூரப் போ. கிட்ட வா. இன்னாய்யா வாத்தியாரே கை நடுங்குது, ஒயுங்கா புடி."

சுவரைக் காட்டினேன். எந்த இடத்தைச் சுரண்ட வேண்டும், எந்த இடத்தை விட்டுவிடலாம் என்று மடமடவென்று உத்தரவுகள் வந்தன. பிறகு திடீரென்று சத்தம் இல்லை.

"அக்கா, லைன்ல கீறீங்களா?" என்றாள் சுமதி.

"கீறேன். இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லமே. எல்லா வூடும் வெள்ளை. என் வூட்டுக் கதவே எனுக்கு அடையாளம் தெரியல." திரையில் மறுபடியும் மூக்கு தெரிந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் காட்டு."

அடுப்படியைக் காட்டினோம். மாடிப்படியைக் காட்டினோம். புழக்கடையில் காய்ந்த துணிகளைக் காட்டினோம். காட்ட வீட்டில் ஒன்றும் மிச்சமில்லாதபோது நான் போனை முன்னால் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர் வீட்டைப் பார்த்ததுமே திட்ட ஆரம்பித்தார். பஜார் வரை நூற்றுச் சொச்சம் வீடுகள் இருக்கின்றன. முடிந்த அளவுக்கு மெதுவாக நடந்தேன்.