நட்டாற்றுத் திட்டுச் சமாதானம்

பூலாங்காடு,
ருதிரோத்காரி வருஷம், ஆனி மாதம் 25ந் தேதி

கொழும்பில் சகல சௌக்கியத்தோடும் இருந்துவரும் மைத்துனர் நாச்சிமுத்துவுக்கு, மச்சான் சென்னிமலை ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காள் பூவாத்தாளும் மகள் கமலவேணியும் எருமைகளும் சுகம். உங்கள் சுகத்துக்குத் திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் பொறுப்பு.

விஷயம் என்னவென்றால், யுத்தம் முடிந்தது. முடித்து வைத்தது நான்.

நம் ஊருக்கும் அக்கரைக் கருங்கல்மேட்டுக்கும் நடுவே காவிரியில் ஒரு திட்டு கிடக்கிறதல்லவா, அதில் வெள்ளரி போடுவது யார் என்று தை மாதம் சண்டை மூண்டது. நாம் சேலம் ஜில்லா, அவர்கள் கோயமுத்தூர் ஜில்லா, திட்டு எந்த ஜில்லா என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும். இரண்டு கரையாரும் தடியோடு இறங்கினார்கள். மண்டைகள் உடைந்தன, வெள்ளரியை நரி தின்றது. அன்றோடு பரிசல் நின்றது, சந்தை நின்றது, கமலவேணியின் கல்யாணமும் நின்றது. மாப்பிள்ளைப் பையன் அக்கரைப் பெரியதனக்காரர் அங்கமுத்துக் கவுண்டரின் மகன் அல்லவா. "பூலாங்காட்டுத் தண்ணிகூட எங்க ஊட்டுக்குள்ள வரப்படாதுங்க" என்று அவர் சொல்லியனுப்பிவிட்டார். இரண்டு ஊரும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மகள் பேசுவதை விட்டாள். ஆற்றங்கரைப் பக்கமே போவதில்லை என்று கிணற்றில் தண்ணீர் சேந்தினாள்.

இப்படி இருக்கையில் திருச்செங்கோட்டில் ஒருநாள் பத்திரிகை வாசிக்கக் கேட்டேன். துருக்கிக்காரரும் கிரேக்கரும் சண்டை போட்டு ஓய்ந்து, லோசான் என்கிற ஊரில் சமாதானம் பேசுகிறார்களாம். அந்த ஊர் இருவருக்கும் சொந்தமில்லையாம். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மூன்றாம் இடம் வேண்டும். பவானிக் கோயில் என்றேன், அது அவங்க பக்கம் என்றார் நம் ஊர்ப் பெரியதனம் காளியண்ண கவுண்டர். திருச்செங்கோடு என்றேன், அது உங்க பக்கம் என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கமும் இல்லாதது நடு ஆறுதான் என்று முடிவு செய்து, பரிசல்கார ராமாயியைப் பிடித்தேன். அவளுக்குப் புருஷன் இக்கரை, உடன்பிறந்தான் அக்கரை. அவளைவிடப் பொதுவான ஆள் ஐரோப்பாவிலும் கிடையாது.

ஆக இரண்டு பெரியதனக்காரரும் நானும் பரிசலில் ஏறி நடு ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே போனதும் முதல் தகராறு, கிழக்கு முகமாக உட்காருவது யார் என்பது. பெரிய மனுஷன் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவான் என்று இருவரும் ஒரே விளிம்பில் போய் நெருக்க, பரிசல் ஒரு பக்கம் சாய, ராமாயி துடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். பரிசல் சுற்ற ஆரம்பித்தது.

"ஏனுங்க சாமி, ஒருக்காச் சுத்துனா எல்லாத் தெசையும் எல்லாருக்கும் வந்துருமுங்க. பேசாம குந்துங்க" என்றாள்.

அப்படியே சுற்றிக்கொண்டே பேச்சு நடந்தது. "திட்டு எங்க பாட்டன் காலத்துலிருந்து எங்களுது" என்றார் காளியண்ணர், மேற்கே பார்த்தபடி. "உங்க பாட்டன் எங்க வெள்ளரியைத் திருடித் தின்ன காலத்துலிருந்துங்களா" என்றார் அங்கமுத்து. கைகலப்புக்கு முந்தியும் 'ங்க' போடுவதை அவர் விடவில்லை. காளியண்ணர் எழுந்தார். அங்கமுத்துவும் எழுந்தார். தண்ணீர் உள்ளே வந்தது. நான் சமாதானத்தின் பொருட்டு இருவர் வேட்டியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ராமாயி துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தையிலிருந்து எஞ்சோத்துல மண்ணு உளுந்து கெடக்குது. நீங்க ராசியானாத்தான் இனித் துடுப்புப் போடுவனுங்க. இல்லீன்னா ஆறு எங்க கூட்டிப் போவுதோ அங்க போலாமுங்க" என்று வெற்றிலையைக் கிழிக்க ஆரம்பித்தாள். ஆறு எங்களைப் பாறைப் பக்கமாகக் கூட்டிப் போனது. பெரியதனக்காரர் இருவருக்கும் நீச்சல் தெரியாது என்பது ஊருக்குத் தெரியாத ரகசியம். எனக்கும் தெரியாது.

அந்த வேளையில்தான் மைத்துனரே, உங்க மச்சானுக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. "திட்டை எம்மவளுக்கும் உங்க மவனுக்கும் கல்யாணச் சீராக் குடுத்துருங்க. புள்ளை எங்க ஊரு, பையன் உங்க ஊரு. ரெண்டு ஊருமே எங்களுதுன்னு சொல்லிக்கலாமுங்க" என்றேன். யோசனை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை, எதிரே பாறை தெரிந்தது. "சரி" என்றார் அங்கமுத்து. "அதேதான் நானும் நெனச்சனுங்க" என்றார் காளியண்ணர், முதல் தடவையாக ங்க போட்டு. ராமாயி துடுப்பைப் போட்டாள். உடைந்த மண்டைக்கு உடைந்த மண்டை சரியென்று கழித்துவிட்டோம்.

கரையில் பறையும் கொம்பும் முழங்கின. காளியண்ணர் இறங்க அங்கமுத்துக் கவுண்டரே கை கொடுத்தார். ஜனங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலைச் சுற்றினார்கள். கமலவேணி அன்று சாயங்காலம் குடத்தோடு ஆற்றுக்குப் போய், நெடுநேரம் கழித்து, முகமெல்லாம் சிரிப்பாக, வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். உங்கள் அக்காள் மட்டும், "பரிசல்காரிக்கு ஒரு நல்ல சேலையா எடுத்துக் குடுங்க" என்றாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பொம்பளைகள் ராஜதந்திரத்தை எங்கே கண்டார்கள்.

லோசானில் கார்த்திகையில் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்தபாடில்லை. நாம் வெயில் தாழுமுன் முடித்தோம். அவர்கள் போட்டிருப்பது மேஜை, மேஜை சுற்றாது, அதுதான் அங்கே கோளாறு. உங்கள் கடைக்கு வரும் துரைமார் யாரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள்.

முகூர்த்தம் ஆவணியில். மனைவி மக்களோடு வந்துவிடவும். ஆறும் கிணறும் போல வற்றாமல் வாழ்ந்திருக்க வாழ்த்தும்,

சென்னிமலை

பின்குறிப்பு: சந்தோஷத்தில் இதைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். இன்று ஆடி 10. போன வாரம் வெள்ளம் வந்தது, திட்டு போய்விட்டது. சமாதானமும் போயிற்று என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன், ஆனால் இரண்டு ஊரும் இப்போது அண்ணன் தம்பி போல ஒற்றுமை. நம் மண் அப்படியே கீழே போய் ஒரு ஊர்க் கரையில் மேடாக ஒதுங்கியிருக்கிறதாம், அந்த ஊரார் அதற்குள் வேலி போட்டுவிட்டார்களாம். சீர்மண்ணை மீட்க இரண்டு ஊர்த் தடிகளும் ஒரே பரிசல் வரிசையில் அடுத்த வாரம் கிளம்புகின்றன. முன் பரிசலில் சம்பந்தி, பக்கத்தில் காளியண்ணர், அடுத்த இடம் எனக்கு. அந்த ஊர் உங்கள் மாமனார் ஊர். அவரை இரண்டு நாள் வெளியூர் போயிருக்கச் சொல்லித் தந்தி அடிக்கவும்.